மூன்று மீட்டர் முட்டைக்கோஸ்

அந்த வருடம் கால்பந்து லீக்கின் இரண்டாம் பிரிவில் ஏழு கிளப்புகள். கடைசி ஆட்டத்துக்கு முன்பு நாங்கள் நான்காவது இடத்தில் இருந்தோம். கேட்பவர்கள் "பரவாயில்லையே" என்பார்கள். பதினோரு ஆட்டம் ஆடியும் புல்தரையில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை என்று சொன்னால் சிரிப்பார்கள். பட்டியலில் எங்கள் பேருக்கு எதிரே ஐந்து வெற்றிகள் இருந்தது நிஜம். ஐந்தையும் வாங்கித் தந்தவர் எங்கள் செயலாளர் டாக்டர் லெந்யெல். வாழ்நாளில் பந்தைக் காலால் தொடாத மனிதர்.

டாக்டர் என்றால் நாடி பார்க்கிற டாக்டர் இல்லை, சட்டம் படித்துப் பட்டம் வாங்கியவர். இருபத்தெட்டு வயது. வழக்கு எதுவும் அவரைத் தேடி வராததால், தன் மூளையை எல்லாம் கால்பந்துச் சங்கத்தின் மீது இறக்கினார். லீக் தொடங்கி அப்போது மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. சட்டங்கள் மாதத்துக்கு ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. ஆட்டத்தில் குறை கண்ட கிளப் திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஆட்சேப மனு கொடுக்கலாம் என்று ஒரு சட்டம். புதாபெஸ்ட்டில் எல்லோருமே கொடுத்தார்கள். தோற்றுவிட்டு மனு கொடுக்காமல் வீட்டுக்குப் போகிறவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்த காலம் அது. ஆனாலும் எங்கள் டாக்டர் அளவுக்கு ரசித்து ரசித்துக் கொடுத்தவர் யாருமில்லை.

மைதான மூலையில் மூன்று கொடிதான் இருந்தது என்று கொடுப்பார். பந்து எடை குறைவு என்று கொடுப்பார். அதை மளிகைக்கடைத் தராசில் நிறுத்து, கடைக்காரரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருப்பார். எதிரணியில் தகுதியில்லாத ஆள் ஆடியிருந்தால் வெற்றி நேராக எங்களுக்கு வந்துவிடும். மைதானத்தில் குறை என்றால் மறு ஆட்டம். மறு ஆட்டத்துக்கு மறு ஆட்டம் என்று இழுத்தால் எதிரணிக்காரர்கள் அலுத்துப்போய் ஒருநாள் வராமலே இருந்துவிடுவார்கள். அப்போதும் வெற்றி எங்களுக்குத்தான்.

நான் போதிஷ் மார்த்தோன். கொபான்யாவில் பீர் ஆலையில் பீப்பாய் செய்கிறவன். கிளப்பின் கேப்டனும் கோல்கீப்பரும் நான்தான். எங்கள் பதினொரு பேரும் ஆலைக்காரர்கள்தான். ஐந்து வெற்றிக்கும் ஆலை வாசலில் எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி மாளாது.

"என்ன மார்த்தோன், நேத்து எத்தனை கோல் வாங்குனே?" என்பான் வாயிற்காவலன்.

"ஏழு."

"அப்போ ஜெயிச்சிருப்பீங்களே."

வீட்டில் என் மனைவி பிரோஷ்கா அதற்கு மேல். ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரிப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பாள்: "ஏங்க, இன்னைக்குப் பந்து ஆடப் போறீங்களா, கோர்ட்டுக்குப் போறீங்களா? சொன்னீங்கன்னா அதுக்கேத்த சட்டையைத் தேய்ச்சு வைப்பேன்." அவள் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை. ஆடி ஜெயிக்கத் தெரியாதவர்களைப் பார்க்க எதற்கு டிராமுக்குக் காசு என்பாள்.

அந்த இலையுதிர் காலத்தில் பொஜோன் நகரத்து ஆலையில் எனக்குத் தலைமை வேலை கிடைத்தது. டிசம்பர் முதல் தேதி அங்கே இருக்க வேண்டும். எனக்கு முப்பத்து நான்கு வயது. வலது முழங்கால் மழை வருவதை எனக்கு முன்கூட்டியே சொல்ல ஆரம்பித்திருந்தது. போகிற ஊரில் கிளப்பும் கிடையாது. ஆகவே தபால் குமாஸ்தாக்கள் கிளப்போடு ஆடும் பன்னிரண்டாவது ஆட்டம்தான் என் கடைசி ஆட்டம். ஒரே ஒரு முறை, காகிதம் இல்லாமல், கால்களால் ஜெயித்துவிட்டுப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வாரம் முழுக்க மாதா கோவிலில் அதையேதான் கேட்டேன்.

தபால்காரர்களின் மைதானம் நகரத்தின் ஓரத்தில், ஒரு பல்கேரியத் தோட்டக்காரரின் நிலத்தை ஒட்டி இருந்தது. நாங்கள் உடை மாற்றுவதற்குள் டாக்டர் நாடாவைப் பிடித்துக்கொண்டு மைதானத்தை அளந்து முடித்துவிட்டார். முகம் கல்யாண மாப்பிள்ளை முகமாக இருந்தது.

"கேப்டன், மூணு மீட்டர் கம்மி. சட்டம் கேக்கற நீளத்துக்கு மூணு மீட்டர் கம்மியா இருக்கு."

"எப்படி கம்மியாகும் டாக்டர்? போன வருஷம் சரியாத்தானே இருந்துச்சு?"

"முட்டைக்கோஸ்" என்றார் பக்தியோடு. "தோட்டக்காரன் இந்தப் பக்கம் ரெண்டு பாத்தி சேத்துப் போட்டிருக்கான். இவங்க கோல் கம்பத்தைப் புடுங்கி உள்ள நட்டிருக்காங்க. நீங்க நிம்மதியா தோத்துட்டு வாங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "நாங்க ஜெயிச்சா?"

டாக்டர் நல்ல மனிதர். சிரிக்கவில்லை. என் தோளைத் தட்டிக்கொடுத்தார், அவ்வளவுதான்.

முதல் பாதியில் முட்டைக்கோஸ் பக்கத்துக் கோலில் நான் நின்றேன். காற்று என் முகத்தில் அடித்தது. தபால்காரர்கள் இரண்டு கோல் போட்டார்கள். இரண்டாவதைப் போட்டது அவர்கள் கேப்டன் ஹுருஷ்கா. தந்தி குமாஸ்தா, ஒல்லியான ஆள், என் பிடரியிலிருந்த சேற்றைத் துடைத்துவிட்டு மன்னிப்பும் கேட்டான். அந்த மரியாதைதான் கோலைவிட அதிகமாக எரிந்தது.

இடைவேளையில் டாக்டரைக் காணோம். இரண்டுக்கு சைபர் என்று ஆனதுமே, மைதானத்து ஓரத்தில் மனுவை எழுதி முடித்து, சங்கத்தில் கொடுத்துவிட்டு வர டிராம் ஏறிவிட்டார் என்றார்கள். திங்கட்கிழமை அவருக்கு அதிசயமாக ஒரு வழக்கு வந்திருந்ததாம், அதனால் ஞாயிற்றுக்கிழமையே கொடுத்துவிடலாம் என்று கிளம்பியிருக்கிறார். போகட்டும் என்று விட்டேன். அப்போதுதான் வேலி ஓரத்தில் ஒரு பச்சைத் தலைத்துணியைப் பார்த்தேன். பிரோஷ்கா. கையில் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"நீ எங்கடி இங்க?"

"கடைசி ஆட்டம்னு நீங்கதானே சொன்னீங்க. தோக்கறது எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்துக்கலாமேன்னு வந்தேன்." கூடையிலிருந்து ஒரு பொகாச்சா ரொட்டியை எடுத்து என் வாயில் திணித்தாள். "மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க. அந்தக் கட்டுமஸ்தான ஆள்கிட்ட கால் வலிமை இருக்கு, ஆனா பந்தை அவன்கிட்ட யாருமே தர மாட்டேங்கறீங்க."

அவள் சொன்ன கட்டுமஸ்தான ஆள் சுப்போர், எங்கள் ஆலையில் பீர் வண்டி ஓட்டுகிறவன். பந்தைக் கொடுத்தால் வேலிக்கு வெளியே உதைப்பான் என்பதால்தான் யாரும் கொடுப்பதில்லை. ஆனால் இரண்டாம் பாதியில் காற்று எங்கள் முதுகுப் பக்கம் இருந்தது. "எல்லாத்தையும் சுப்போருக்குக் குடுங்கடா" என்று சொல்லிவைத்தேன்.

சுப்போர் முதலில் உதைத்தது முட்டைக்கோஸில் விழுந்தது. இரண்டாவதும் அங்கேதான். தோட்டக்காரர் வந்து பந்தைத் தரமாட்டேன் என்று அடம்பிடித்து, ரெஃபரி அவரோடு ஐந்து நிமிடம் பேசினார். மூன்றாவது உதை வலைக்குள் போனது. கோலியின் தொப்பியும் கூடவே போனது. பத்து நிமிடத்தில் இன்னொன்று, அது சுப்போரின் உதை ஒரு தபால்காரனின் முதுகில் பட்டுத் திரும்பி வலைக்குள் போனது. இரண்டுக்கு இரண்டு.

கடைசி ஐந்து நிமிடம். பந்து என் கைக்கு வந்தது. அப்போதெல்லாம் கோல்கீப்பர் தன் பாதி மைதானம் முழுக்கப் பந்தைக் கையால் தொடலாம். நடுக்கோடு வரைக்கும் பந்தைத் தரையில் தட்டித் தட்டிக் கொண்டுபோனேன். தபால்காரர்களின் கோலி வெளியே வந்து நின்று, எங்கள் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தான். சுப்போர் எங்கே என்று தேடாமல், பிரோஷ்கா கத்துவதைக் காதில் வாங்காமல், பந்தை மேலே போட்டு உதைத்தேன்.

காற்று அதைத் தூக்கிக்கொண்டது. கோலிக்கு முன்னால் தரையில் ஒரு முறை குதித்தது. அவன் கை நீட்டினான். பந்து அவன் விரல்களுக்கு மேலே போய், குறுக்குக் கம்பத்துக்கு ஒரு சாண் கீழே உள்ளே இறங்கியது.

மூன்றுக்கு இரண்டு. மீதி நிமிடங்களைப் பற்றி எனக்கு எதுவும் நினைவில்லை. விசில் ஊதியதும் பத்துப் பேரும் என் மேல் விழுந்தார்கள். சுப்போர் என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். பிரோஷ்கா வேலியைத் தாண்டி ஓடிவந்து, எல்லோர் முன்னாலும் என் தலையைக் கீழே இழுத்து முத்தமிட்டாள். நான் அழுதேன். முப்பத்து நான்கு வயதில், சேறும் சளியுமாக, குழந்தை மாதிரி அழுதேன்.

"ஜெயிச்சாலும் அழறீங்க, தோத்தாலும் அழறீங்க. உங்களை என்னதான் பண்றது?" என்றாள் அவள், தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அப்போதுதான் டிராமிலிருந்து இறங்கி டாக்டர் வந்தார். கையில் சங்கத்தின் ரசீது. தூரத்திலிருந்தே அதை ஆட்டிக்காட்டினார்.

"கவலைப்படாதீங்கப்பா. குடுத்தாச்சு, பதிவும் ஆயாச்சு. இந்த ஆட்டம் செல்லாது."

சுப்போர் என்னைத் தோளிலிருந்து மெதுவாக இறக்கிவைத்தான்.

"டாக்டர், நாங்க ஜெயிச்சுட்டோம்" என்றேன்.

அவர் என் முகத்தையும் ரசீதையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்படி?" என்றார். அவர் வாய்விட்டு என்னைத் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"திரும்ப வாங்கிருங்க மனுவை."

"முடியாது கேப்டன்." ரசீதை மடித்தார். "பதிவான மனுவைத் திரும்ப வாங்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஒரு கிளப் விருந்து சாப்பிட்டுட்டு மனுவை வாபஸ் வாங்குச்சுன்னு போன வசந்தத்துல தீர்மானம் போட்டாங்க."

"எந்தப் புண்ணியவான் போட்டான்?"

டாக்டர் காலணியைப் பார்த்தார். "தீர்மானத்தை எழுதிக் கொடுத்தது நான்தான்."

சுப்போர் அவரை நோக்கி ஒரு அடி வைத்தான். நல்லவேளை, பிரோஷ்கா நடுவில் புகுந்து அவன் வாயில் ஒரு பொகாச்சாவைத் திணித்தாள்.

புதன்கிழமை மாலை விசாரணை. சங்கம் ஒரு காபிக்கடையின் பின்னறையில் கூடும், பச்சைத் துணி விரித்த நீள மேஜையைச் சுற்றி. தலைவர் வாள்வீச்சுக்காரர், நரைத்த மீசை, நிமிர்ந்த முதுகு. மனுவை வாசித்தார். நான்கு பக்கம். ஒவ்வொரு வரியும் கத்திதான், கொடுத்த ஆளைத் திட்டிக்கொண்டே நானும் அதை ரசித்தேன்.

"இந்த மனுவை எதுத்துப் பேச யாராச்சும் இருக்காங்களா?"

"நான் இருக்கேன்" என்று டாக்டர் எழுந்தார்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர், இது நீங்க எழுதுனது."

"ஆமா. அடிப்படையே இல்லாத மனு."

மேஜையைச் சுற்றி ஒரு சிரிப்பு ஓடியது. அரை மணி நேரம் பேசினார், பாவம். மூன்று மீட்டர் ஒரு பெரிய குறையா என்றார். தலைவர் மனுவின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டி, மூன்று மீட்டர் எவ்வளவு பெரிய குறை என்பதை வாசித்தார். நாடா ஈரத்தில் சுருங்கியிருக்கலாம் என்றார். மூன்றாம் பக்கத்தில், நாடா எண்ணெய்த் துணியால் செய்தது, சுருங்காது என்று இருந்தது. கடைசியில் டாக்டர் விரலை உயர்த்தினார். "முதல் பாதியில தபால்காரங்க போட்ட ரெண்டு கோலும் அதே முட்டைக்கோஸ் பக்கத்துக் கோலுக்குள்ளதான் போச்சு. குறை இருந்துச்சுன்னா அது அவங்களுக்கும்தான் உதவுச்சு."

"ரொம்ப சரி" என்றார் தலைவர். "அப்போ அஞ்சு கோலுமே சந்தேகத்துக்குரியது. இந்த மைதானத்துல விழற எந்தக் கோலும் செல்லாதுன்னு நாலாம் பக்கத்துல நீங்களே எழுதியிருக்கீங்க."

டாக்டர் உட்கார்ந்துவிட்டார். அந்த மேஜையில் அவர் தோற்றது அதுதான் முதல் தடவை, தோற்கடித்தவரும் அவரேதான்.

தபால்காரர்களின் ஹுருஷ்காவைக் கேட்டார்கள். "அவங்க நல்லாத்தான் ஆடுனாங்க" என்று மட்டும் சொன்னான். பிறகு தலைவர் என் பக்கம் திரும்பினார்.

"கேப்டன், கடைசி கோல் நீங்க உதைச்சது. நீங்க பீப்பாய் செய்யறவர், உங்க கண்ணளவை நான் நம்பறேன். மைதானம் மூணு மீட்டர் நீளமா இருந்திருந்தா அந்தப் பந்து உள்ள போயிருக்குமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். காற்று எப்படி அடித்திருக்குமோ யார் கண்டது, அது பொய்கூட இல்லை. பத்துப் பேரும் பின்னால் நின்று என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்தப் பந்து எங்கே குதித்தது, எவ்வளவு உயரம் எழுந்தது என்பதை மூன்று இரவு படுக்கையில் கிடந்து பார்த்தவன் நான். எனக்குத் தெரியும்.

"போயிருக்காது" என்றேன். "இன்னொரு தடவை தரையில குதிச்சிருக்கும். ரெண்டாவது குதியில உயரம் இருக்காது. கோலி மார்போட சேத்துப் புடிச்சிருப்பான்."

பின்னால் சுப்போர் மூச்சை இழுத்தது கேட்டது. ஆட்டம் ரத்து, வரும் ஞாயிறு பொது மைதானத்தில் மறு ஆட்டம் என்று எழுதினார்கள்.

வெளியே வந்ததும் பிரோஷ்காவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"பொய் சொல்லியிருந்தா வீட்டுக்குள்ள விட்டிருக்க மாட்டேன்" என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா கொஞ்சம் யோசிச்சாவது சொல்லியிருக்கலாம்" என்றாள்.

மறு ஆட்டத்தில் ஒரு புதுமை. டாக்டர் நாடா கொண்டுவரவில்லை. கோட்டோரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவர் ஒரு ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பார்ப்பது அதுதான் முதல் தடவை. பத்தாவது நிமிடத்தில் தொப்பியைக் கழற்றினார். இருபதாவது நிமிடத்தில் சுப்போருக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தார். சுப்போர் ஒரு கோல் போட்டபோது பக்கத்தில் நின்ற தபால்காரனின் மனைவியைக் கட்டிப்பிடித்துவிட்டு, அவளிடம் சட்டப்படி மன்னிப்புக் கேட்டார்.

நாங்கள் நன்றாகத்தான் ஆடினோம். அவர்கள் இன்னும் நன்றாக ஆடினார்கள். ஹுருஷ்கா ஒன்று போட்டான். கடைசி நிமிடத்தில் அவர்களுடைய இடது ஓரத்து ஆள், செம்பட்டை முடிக்காரன் ஒருவன், என் முழங்கால் பேச்சுக் கேட்காத பக்கமாகப் பார்த்து இரண்டாவதைப் போட்டான். இரண்டுக்கு ஒன்று. தோற்றுவிட்டோம்.

திங்கட்கிழமை மாலை பொஜோனுக்கு ரயில். காலை பதினொன்றரை மணிக்கு, விடைபெறலாம் என்று டாக்டர் வழக்கமாக உட்காரும் காபிக்கடைக்குப் போனேன். சங்கத்தின் அறை அதே கடையின் பின்பக்கம்தான். அவர் முன்னால் ஒரு மனு, மையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, உலர்ந்திருந்தது.

"அந்தச் செம்பட்டை முடிக்காரன்" என்றார். குரலே இல்லை, ஞாயிற்றுக்கிழமை கத்தியதில் தொண்டை போய்விட்டிருந்தது. "ஜூன் மாசம் வரைக்கும் வேற கிளப்ல பதிவாகி இருந்தான். மாத்தல் பத்திரம் இல்ல. நான் நேத்து ராத்திரியே பதிவேட்டைப் பாத்துட்டேன். இது குடுத்தா மறு ஆட்டம்கூட கிடையாது. வெற்றி நேரா நமக்கு."

நான் உட்கார்ந்தேன். நான் ஆசைப்பட்டது அந்தக் காகிதத்தில் இருந்தது. என் பெயருக்கு எதிரே ஒரு வெற்றி, கடைசி ஆட்டத்தில். ஆசைப்பட்டது அது இல்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் கை அதன் பக்கம் நகர்ந்தது, மறைப்பானேன்.

"அந்தக் கோல் எப்படிப் போச்சு பாத்தீங்களா கேப்டன்?" என்றார் டாக்டர். "இடது காலால அப்படியே சுழட்டி... நீங்க பாஞ்சீங்க, விரல் நுனியில பட்டுச்சு. பட்டுச்சுல்ல?"

"பட்டுச்சு."

"நானும் பாத்தேன். எங்க நின்னு பாத்தாலும் அது கோல்தான்."

பரிமாறுபவர் காபி கொண்டுவந்தார். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழேதான் எங்கள் மேஜை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சங்கத்தின் குமாஸ்தா பின்னறைக் கதவைத் திறந்து, வழக்கம்போல டாக்டருக்காகக் காத்து நின்றார். டாக்டர் காபியில் சர்க்கரையைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார். கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. குமாஸ்தா நம்பாமல் இன்னும் ஒரு நிமிடம் நின்றுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

டாக்டர் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"தோத்துட்டோம் கேப்டன்."

"ஆமா டாக்டர். நல்லாவே தோத்துட்டோம்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தோம், பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் வரை. ஆட ஆரம்பித்த இரண்டு வருடத்தில், யாரும் தட்டிக்கேட்க முடியாத ஒரு ஆட்டத்தை அன்றுதான் எங்கள் கிளப் முதன்முதலாக ஆடி முடித்திருந்தது.